கட்டிலுக்கு அடியில ஆயிரம் காப்பி

போன இதழ்ல 'சொந்தக் காசுல நாவல் போடலாமா'ன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, 'தாராளமா போடுங்க, அதுக்கு முன்னாடி வீட்டுக் கட்டில் எவ்ளோ உயரம்னு அளந்துக்குங்க'ன்னு விளையாட்டா எழுதிட்டேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் ஒரு கட்டு சேர்ந்துடுச்சு. இத்தனை பேர் நாவல் எழுதி முடிச்சு பீரோவுல பூட்டி வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! அதனால இந்தத் தடவை மாமியார் பிரச்சினை, முடி கொட்டுறது எதுவும் கிடையாது, முழுக்க புத்தகம்தான்.

அக்கா, நான் தமிழாசிரியரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். 11 வருஷமா எழுதி ஒரு நாவல முடிச்சிருக்கேன். ஒரு பதிப்பகத்துல 'நாவல் அருமை, 85,000 ரூபா கட்டுங்க, 300 காப்பி தர்றோம், மார்க்கெட்டிங் எங்க பொறுப்பு'ங்கறாங்க. கட்டலாமா? – வாசகர், திண்டுக்கல்

சார், 'நாவல் அருமை'ன்னாங்க இல்ல, சும்மா ஒரு போனப் போட்டு உங்க கதாநாயகியோட அம்மா பேர் என்னன்னு கேளுங்க. பதில் வந்துச்சுன்னா மேல பேசலாம்.

காசு வாங்கிட்டு புத்தகம் போட்டுத் தர்றது தப்புன்னு நான் சொல்ல வரல. லேஅவுட், அட்டை, அச்சு எல்லாமே வேலை, வேலைக்குக் கூலி உண்டு. ஆனா காசு நீங்க போட்டா பதிப்பாளர் நீங்க, அவங்க உங்களுக்கு வேலை செஞ்சு குடுக்குறவங்க, அந்த நெனப்போட போய் உக்காருங்க. 85,000த்த 300ஆல வகுத்தா ஒரு காப்பி 283 ரூபா சொச்சம் வருது. கடைக்காரர் தன் பங்குக்கு 35, 40 சதவீதம் கேப்பார். அப்ப நீங்க என்ன விலை போடுவீங்க, போட்டா யாரு வாங்குவா? பேப்பருக்கு இவ்ளோ, அச்சுக்கு இவ்ளோ, புரூஃபுக்கு (அதாவது பிழை திருத்தத்துக்கு) இவ்ளோன்னு பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க. காப்பிரைட் உங்க பேர்லயே இருக்கணும், உள்பக்க ஃபைலும் அட்டை ஃபைலும் உங்க பென்டிரைவுக்கு வந்து சேரணும் (ஃபைல் இல்லாம ரெண்டாம் பதிப்புக்கு மறுபடி அ-வுல இருந்து டைப் அடிச்ச கூத்தையெல்லாம் நான் பார்த்திருக்கேன்), உங்களுக்குத் தர்ற 300 போக அவங்க எத்தனை அடிக்கிறாங்க, அது வித்தா உங்களுக்கு என்ன வரும், எல்லாம் எழுத்துல இருக்கட்டும். உரிமைய எழுதிக் குடுக்கச் சொன்னா எத்தனை வருஷத்துக்குன்னு கேளுங்க. வருஷமே போடாம விட்டா நம்ம காப்பிரைட் சட்டப்படி அது 5 வருஷம்னு அர்த்தம், 'ஆயுசுக்கும்'னு போட்டிருந்தா பேனாவ மூடிட்டு எந்திரிச்சு வந்துடுங்க. அந்த 'மார்க்கெட்டிங்'க்கு மட்டும் விளக்கம் கேட்டு நேரத்த வீணாக்காதீங்க, ஃபேஸ்புக்ல அட்டைப் படத்தப் போட்டு ஒரு ரோஜாப்பூ வைப்பாங்க, அவ்ளோதான்.

என் கதையையும் சொல்லிடுறேன், கட்டில் விஷயம் என்னன்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. 2012ல என் நாவல நானே போட்டேன். 272 பக்கம், டெம்மி சைஸ் (நாவல் வழக்கமா வர்ற அளவு). பிரஸ்காரர் '500 காப்பின்னா 41,000, ஆயிரம்னா 62,000, பார்த்துக்குங்க'ன்னார். இருவது வருஷம் புரூஃப் பார்த்தவதான் நான், இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி, ஆனா சொந்தப் புள்ளைன்னு வந்தா கண்ணு மறைச்சுடுது பாருங்க, 21,000 கூடப் போட்டா இன்னொரு 500 வருதேன்னு ஆயிரமா அடிச்சுட்டேன். ஒரு காப்பி முன்னூறு கிராமுக்கு மேல, ஆயிரம் காப்பின்னா முன்னூத்திச் சொச்சம் கிலோ. எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்பது அம்பதா இருவது கட்டு, என் வீட்டுக்காரரும் வாட்ச்மேனும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு வந்து கட்டிலுக்கு அடியில தள்ளினாங்க. மொத வருஷம் வித்தது 212. அதுல சொந்தக்காரங்க எத்தனைன்னு கேக்காதீங்க. என் பொண்ணு ரெண்டு கட்ட இழுத்துப் போட்டு அதுமேல உக்காந்துதான் ப்ளஸ் டூ படிச்சா.

அதனால சார், 85,000த்த அப்படியே வெச்சுக்குங்க. அதுல ஒரு பங்க ஒரு நல்ல எடிட்டருக்கும் புரூஃப் ரீடருக்கும் மனசாரக் குடுங்க, மொத தடவை 100 காப்பி மட்டும் டிஜிட்டல்ல, அதான் பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல அடிங்க. தீர்ந்தா இன்னொரு 100.

பிரிண்ட் ஆன் டிமாண்ட்னா என்ன மேடம்? ஆஃப்செட் மாதிரி தரம் இருக்குமா? – பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

உங்க தொழில்லயே சொல்றேன் தம்பி. ஒரு டிசைன் பனியன்ல ஸ்கிரீன் போட்டு அடிக்கணும்னா ஸ்கிரீன் செலவு ஒண்ணுக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான் இல்லையா? ஆஃப்செட்டும் அப்படித்தான். 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம், ஒவ்வொரு ஃபாரத்துக்கும் பிளேட் போடணும், மெஷின்ல ஏத்தி மை சரியா வர்ற வரைக்கும் கொஞ்சம் தாள் வீணாப் போகும், இந்தச் செலவ எத்தனை காப்பி தலையில பிரிக்கிறோமோ அதுக்கேத்த மாதிரி விலை எறங்கும். பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல பிளேட்டே கிடையாது, கம்ப்யூட்டர்ல இருந்து நேரா மெஷினுக்குப் போகுது, பத்து காப்பி வேணுமா பத்து அடி. ஒரு காப்பி விலை கூடத்தான் இருக்கும், ஆனா கட்டில் காலியா இருக்கும். சில நூறு காப்பிக்கு மேல போனாத்தான் ஆஃப்செட் கட்டுப்படியாகும்.

எழுத்துத் தரம் இப்பல்லாம் ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. கோளாறு வர்றது பேப்பர்லயும் பைண்டிங்லயும்தான். பளீர்னு வெள்ளையா இருக்குற தாள் வேண்டாம், 70 ஜிஎஸ்எம் (தாளோட கனத்துக்கான அளவு) நேச்சுரல் ஷேட் (லேசா மஞ்சளடிச்ச நெறம்) கேளுங்க, ராத்திரி டியூப் லைட்ல படிச்சா கண்ணு கூசாது. அப்புறம் ஒண்ணு, இத நெறைய பேர் சொல்லித்தர மாட்டாங்க: பேப்பருக்கும் உங்க துணி மாதிரியே ஓட்டம் உண்டு, நார் ஒரு பக்கமாத்தான் ஓடும். அந்த ஓட்டம் புத்தகத்தோட முதுகுக்கு இணையா மேலருந்து கீழ இருக்கணும். குறுக்க இருந்துச்சுன்னா புத்தகம் விரிச்சா நிக்காது, எலிப்பொறி மாதிரி பட்டுன்னு மூடிக்கும், வாசகர் ரெண்டு கட்டைவிரலாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே படிக்கணும், அப்படியே கோந்து விட்டு நடுப்பக்கம் கையோட வரும். அடிக்க விடுறதுக்கு முன்னாடி வெறும் தாள்லயே ஒரு டம்மி பைண்ட் பண்ணித் தரச் சொல்லி சாப்பாட்டு மேஜையில விரிச்சு வெச்சுப் பாருங்க. தோசைய ஒரு கையில புட்டுக்கிட்டே இன்னொரு கையால பக்கம் திருப்ப முடிஞ்சா பாஸ்.

நானே நாலு தடவை படிச்சுத் திருத்திட்டேன். அதுக்கு மேல புரூஃப் ரீடர் எதுக்கு? – வாசகி, புதுச்சேரி

நீங்க நாலு தடவையும் படிச்சது தாள்ல இருக்குறத இல்லம்மா, உங்க மனசுல இருக்குறத.

பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி யூனிகோடுக்கு மாத்தினதா இருந்தா 'ஔவை' எல்லா எடத்துலயும் 'ஒளவை' ஆகியிருக்கும், பார்வைக்கு ஒண்ணு மாதிரியே இருக்கும், கம்ப்யூட்டர்ல தேடினா கிடைக்காது. 'கௌரி'க்குள்ள ஒரு 'ள' புகுந்து உக்காந்திருக்கும். துணைக்கால் வர்ற எடத்துல 'ர' வந்து நிக்கும். அது கூடப் பரவாயில்ல, வாசகர் மன்னிச்சுடுவாங்க. என் நாவல்ல 46ஆம் பக்கத்துல அன்னத்தாயா இருந்த அத்தை 131ஆம் பக்கத்துல பேச்சியம்மாவா மாறிட்டா. இருவது வருஷம் ஊர்ல உள்ளவங்க புத்தகத்துக்கெல்லாம் புரூஃப் பார்த்தவ எழுதின நாவல் இது! காசு மிச்சம்னு நானே பார்த்துக்கிட்டதோட பலன். புத்தகம் வந்து மூணாம் நாள் சாத்தூர்ல இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணி 'ஏம்மா, அந்த அன்னத்தாய் செத்துப் போயிட்டாளா, இந்தப் பேச்சியம்மா யாரு ரெண்டாம் தாரமா'ன்னு கேட்டார், நான் எங்க போய் முட்டிக்க.

புரூஃப கண்டிப்பா பிரிண்ட் எடுத்துப் பாருங்க, ஸ்கிரீன்ல கண்ணு வழுக்கிட்டுப் போயிடும். சிவப்பு மை பேனா.

ஐஎஸ்பிஎன் வாங்கித் தர 3,000 ரூபா கேக்குறாங்க. நியாயமா? – வாசகர், ஈரோடு

இல்லவே இல்ல. ஐஎஸ்பிஎன்னா புத்தகத்துக்கான அடையாள எண், இந்தியாவுல அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமைன்னு மத்திய அரசோடது இருக்கு, ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம், எழுத்தாளரே தன் பேர்ல வாங்கலாம். கொஞ்சம் நாளாகும், பொறுமையா இருங்க. வேற ஒருத்தர் வாங்கிக் குடுத்தா பதிப்பாளர்னு அவங்க பேர்தான் பதிவாகும், அதையும் யோசிங்க. ஐஎஸ்பிஎன் இருந்தாத்தான் காப்பிரைட்டுன்னு ஒரு வதந்தி சுத்துது, அது தப்பு, எழுதி முடிச்ச அன்னைக்கே காப்பிரைட் உங்களுது, உங்க காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் இருக்கும்.

கூடவே ஒண்ணு சொல்லிடுறேன். 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, புத்தகம் வந்து 30 நாளைக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் இன்னும் மூணு நூலகத்துக்கும் பதிப்பாளர் தன் செலவுல காப்பி அனுப்பணும், அந்த மூணுல ஒண்ணு நம்ம எழும்பூர் கன்னிமாரா. நெறைய பேர் இத தண்டச் செலவுன்னு விட்டுடுறாங்க. நான் நேர்லயே போய்க் குடுத்தேன். 1896ல திறந்த கட்டடம் அது. என் புத்தகத்த யாரு படிக்கிறாங்களோ இல்லையோ, அந்த வளாகத்துல அதுக்கு ஒரு எடம் இருக்குன்னு நெனச்சா இன்னைக்கும் பஸ் அந்தப் பக்கம் போறப்ப கழுத்து தானா திரும்பும்.

இன்னும் எதுக்கு அக்கா பேப்பர் புக்? கிண்டில்ல போட்டா ஒரு பைசா செலவில்லாம உலகம் பூரா போயிடும்ல? – ஐடி ஊழியர், ஓசூர்

போடு தம்பி, யாரு வேணாம்னா? நானும் போட்டிருக்கேன். துபாய்ல இருந்து கொரியா வரைக்கும் ஆளு படிக்கிறாங்க, எழுத்த பெருசாக்கிப் படிக்க முடியறதால எங்க அம்மாவே அதுலதான் படிக்கிறாங்க. ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்க, இந்தியாவுல விக்கிற பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேணும்னா அமேசானோட கேடிபி செலக்ட்ங்கற திட்டத்துல சேரணும், சேர்ந்தா 90 நாளைக்கு அந்த மின்பதிப்ப வேற எங்கயும் போடக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை கிடையாது.

ஆனா அங்க நாம வாங்குறது புத்தகம் இல்ல, படிக்கிறதுக்கு ஒரு அனுமதி. 2009ல உரிமைப் பிரச்சினைன்னு சொல்லி அமேசான் ஒரு புத்தகத்த ஜனங்க காசு குடுத்து வாங்கி வெச்சிருந்த கிண்டில்லயிருந்தே அழிச்சுடுச்சு, காசத் திருப்பிக் குடுத்தாங்கன்னு வெச்சுக்க. எந்தப் புத்தகம் தெரியுமா, ஆர்வெல்லோட '1984'! வேணும்னே பண்ணாக் கூட இப்படி அமையாது. 2025 பிப்ரவரியில, வாங்கின புத்தகத்த கம்ப்யூட்டருக்கு இறக்கி யூஎஸ்பி வழியா ஏத்திக்கிற வசதியையும் எடுத்துட்டாங்க. என் பீரோவுல எங்க தாத்தா பேர் போட்ட திருக்குறள் இருக்கு, 'விலை அணா 8'ன்னு இருக்கு, அவர் காபி டம்ளர் வெச்ச வட்டம் அட்டையில அப்படியே இருக்கு. அத அழிக்கணும்னா எவனாவது எங்க வீட்டு மாடிப்படி ஏறித்தான் வரணும், லிஃப்ட் கிடையாதுன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன்.

புதுப் புத்தகம் வாங்கினா மொதல்ல மோந்து பார்ப்பேன். ஹாஸ்டல்ல கிண்டல் பண்றாங்க. இது வியாதியா? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

வியாதின்னா எங்க வீட்டுல எல்லாருக்கும் இருக்கு கண்ணு. புதுப் புத்தக வாசனை பேப்பர், மை, பைண்டிங் கோந்து மூணும் சேர்ந்தது. பழசு வேற கதை. மரக்கூழ்ல செஞ்ச தாள்ல லிக்னின்னு ஒரு பொருள் இருக்கும், வருஷம் போகப் போக அது சிதையும், அதுலதான் தாள் பழுக்குறதும், லேசா வெனிலா மாதிரி ஒரு வாசம் வர்றதும். பழைய புத்தகத்துலயிருந்து வர்ற இந்த ஆவிய அளந்தே தாள் எந்த நிலைமையில இருக்குன்னு சொல்லலாம்னு 2009ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கு. அடுத்த தடவை யாராவது கிண்டல் பண்ணினா 'ஆராய்ச்சி பண்றேன்'னு சொல்லு.

நம்ம ஊர்ல இன்னொண்ணும் உண்டு. கரூர் பக்கம் காகிதபுரத்துல கரும்புச் சக்கையில இருந்து பேப்பர் செய்யறாங்க, டிஎன்பிஎல்ங்கற காகித ஆலையில. அந்தத் தாள்ல கரும்பு வாசம் வருதான்னு நானும் மோந்து பார்த்தேன். வரல.

புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்ககிட்ட காசு கேட்டு முன்பதிவு பண்ணச் சொல்றாங்க. எனக்குக் கூச்சமா இருக்கு, வீட்டுக்காரர் 'பிச்சை எடுக்குறியா'ன்னு கேக்குறார். – இல்லத்தரசி, அம்பத்தூர்

வீட்டுக்காரர்கிட்ட உ.வே.சா. பேரச் சொல்லுங்க. 1887ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வந்தாரே, அவர்கிட்ட என்ன சொத்தா கொட்டிக் கெடந்துச்சு? கும்பகோணம் காலேஜ்ல வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டே ஊர் ஊரா ஆளப் பார்த்துக் கையொப்பம் வாங்கினார். கையொப்பம்னா இன்னைக்கு நாம சொல்ற முன்பதிவுதான், ஜிபே இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். தமிழ்த் தாத்தா பண்ணினத நீங்க பண்ணக் கூடாதா?

பாரதியார் இன்னும் ஒரு படி மேல. 1920ல ஒரு சுற்றறிக்கை விட்டார், தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமா, ஒவ்வொண்ணும் 10,000 காப்பி போடப் போறேன், மொதல்ல 20,000 ரூபா வேணும், கடனாக் குடுங்க வட்டியோட தர்றேன்னு. மண்ணெண்ணெய், தீப்பெட்டிய விட வேகமா விக்கும்னு நம்பினார் மனுஷன். காசு வரல. அடுத்த வருஷம் ஆளும் போயிட்டார். இத எப்பப் படிச்சாலும் எனக்குத் தொண்டைய அடைக்கும், அப்புறம் அந்த 10,000ங்கற எண்ணிக்கையப் பார்த்ததும் என் கட்டில் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துடும்.

நீங்க கூச்சப்படாம 100 பேருக்கு மெசேஜ் போடுங்க. வாட்ஸ்அப் குரூப்ல பொதுவாப் போடாதீங்க, ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லித் தனித்தனியா. முப்பது பேர் காசு போடுவாங்க, அம்பது பேர் கட்டைவிரல் காட்டுவாங்க, மிச்சப் பேர் கல்யாண வீட்டுல உங்களப் பார்த்தா பந்திக்கு ஓடுவாங்க. எத்தனை காப்பி அடிக்கணுங்கறதுக்கு இத விட நேர்மையான கணக்கு கிடையாது. காசு போட்டவங்களுக்கு மொதக் காப்பிய கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, தபால் செலவையும் விலையோட சேர்த்து வாங்கிடுங்க, நான் அதுல கோட்டை விட்டேன்.

சென்னை புத்தகக் காட்சியில நானே ஸ்டால் போடலாமா? – வாசகர், ஆவடி

ஒரே ஒரு புத்தகத்துக்கா? வேண்டாம் சார், வாடகைக்கே வேட்டிய உருவிடும். தெரிஞ்ச பதிப்பக ஸ்டால்ல பத்து காப்பி வைங்க. 1977ல இருந்து நடக்குற காட்சி, ஜனங்க வழக்கமான ஸ்டால் தேடித்தான் போவாங்க. நீங்க சாயங்காலம் அந்த ஸ்டால் பக்கத்துல சும்மா நில்லுங்க, வாங்குறவங்க பின்னட்டையப் படிக்கிறப்ப முகத்தப் பாருங்க, புத்தக விலையில 10 சதவீதம் தள்ளுபடியில போயிடும், அந்த முகத்தப் பார்க்குற சந்தோஷம் மட்டும் உங்களுக்கு முழுசாக் கிடைக்கும்.

பாட்டி வீட்டுப் பரண்ல பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள கிழிச்சு பைண்ட் பண்ணின 14 வால்யூம் கிடைச்சிருக்கு. ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கு. தூக்கிப் போட்டுடவா? – வாசகி, காரைக்குடி

தூக்கிப் போட்டீங்கன்னா நான் காரைக்குடிக்கே வந்துடுவேன்!

கல்கியில 'பொன்னியின் செல்வன்' 1950ல இருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் ஓவியர் மணியம் படத்தோட வந்தப்ப, அத கிழிச்சு சேர்த்து பைண்டருக்குக் குடுக்காத வீடு கம்மி. இப்ப கடையில கிடைக்கிற பதிப்பு எத்தனையோ இருக்கு, ஆனா அந்த பைண்டிங்ல கதைக்குப் பின்பக்கத்துல பாதி வெட்டுப்பட்ட தலைவலித் தைல விளம்பரமும், ஏதோ ஒரு துணுக்கோட கடைசி ரெண்டு வரியும் இருக்கும் பாருங்க, அது எந்தப் பதிப்புலயும் வராது. பாட்டிங்கதான் நம்ம ஊரோட மொத சுயபதிப்பாளருங்க, ஒரே ஒரு காப்பி பதிப்பு.

கோந்துக்கும் மாவுப் பசைக்கும்தான் பூச்சி வரும். நிழல்ல காத்தாட ரெண்டு நாள் விரிச்சு வைங்க, வெயில்ல வேண்டாம், தாள் அப்பளமாயிடும். காய்ஞ்ச மெல்லிய பிரஷ்ஷால ஒவ்வொரு பக்கமா தட்டுங்க. வசம்புத் துண்ட துணியில முடிஞ்சு அலமாரியில போடுங்க, ஓலைச்சுவடிக் காலத்து வைத்தியம். செலோ டேப் மட்டும் ஒட்டிடாதீங்க, பத்து வருஷத்துல அது பழுத்து தாளையும் சேர்த்துத் தின்னுடும். வெச்சுக்க எடமே இல்லேன்னா சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல கேட்டுப் பாருங்க. உங்க பக்கத்து ஊரு கோட்டையூர்க்காரர் ஆயுசு பூரா சேர்த்ததுலதான் அந்த நூலகமே உருவாச்சு.

இவ்ளோ பேசுறீங்களே, உங்க நாவல் பேர் என்ன? இப்பவும் கிடைக்குமா? – 'சும்மா கேட்டேன்', மதுரை

பேரச் சொன்னா விளம்பரம்னு எடிட்டர் வெட்டிடுவார். கட்டிலுக்கு அடியில இன்னும் 23 காப்பி இருக்கு. ஆபீஸ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்க, அனுப்பி வைக்கிறேன், 2012 விலைதான், 180 ரூபா, தபால் செலவு தனி. 131ஆம் பக்கத்துல பேச்சியம்மாவ அடிச்சுட்டு அன்னத்தாய்னு பேனாவால நானே திருத்தித்தான் அனுப்புவேன், அது மட்டும் ஓசி.